கண் திறக்காத மீன்

ஐந்தாம் அத்தியாயம்

மீனின் வால் பாதியைத் தங்கள் பக்கம் இழுத்து இழுத்துச் சுரண்டியிருந்தார்கள். தலைப் பாதியை எதிர்ப்பக்கம் தள்ளித் தள்ளிச் செதுக்கியிருந்தார்கள். இரண்டு வேலையும் செவுள் மூடி தொடங்கும் இடத்தில், கோடு கிழித்ததுபோலச் சந்தித்தன.

ஏன் சரியாக அந்த இடத்தில்?

துப்பறியும் வைரக்கண்ணுவுக்கு மூன்று நாளாக விடை கிடைக்கவில்லை. தஞ்சாவூர் கீழவாசலில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், மேஜைமேல் கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழ நீளம், நான்கு கிலோ எடை. வெளிர்மஞ்சள் கல்லுக்குள் பதிந்து, ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரியும் மீன். செதிலும் முள்ளும் பழுப்பாக, எண்ணெய் தடவியதுபோல மின்னின. எல்லாமே எப்போதோ கல்லாகிப் போனவை.

"மூணு நாளா மீனை மேஜையில வெச்சிருக்கீங்கண்ணே. எங்க நாகூர்ல இந்நேரம் கருவாடு ஆயிருக்கும்" என்றான் உதவியாளன் ஹபீப் முகம்மது.

"இது ஏழு கோடி வருஷத்துக் கருவாடு."

"அப்ப இன்னும் நாலு நாள் தாங்கும்."

வைரக்கண்ணு சிரிக்கவில்லை. சர்வே இலாகாவில் பத்து வருஷம் அளவுச் சங்கிலி இழுத்துவிட்டு, துப்பறிய வந்தவர் அவர். எதையும் செய்து பார்க்காமல் நம்ப மாட்டார். சலவை சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து வைத்து, கதிர் அறுக்கும் கருக்கருவாளின் நுனியை அதில் ஊன்றித் தன் பக்கம் இழுத்தார்.

"பாரு. ஊன்றின இடம் ஆழம். வர வர மெலிஞ்சு, மயிரிழையா முடியுது. பல் வெச்ச அருவாங்கறதால பக்கத்துல பக்கத்துல நாலஞ்சு கோடு விழுது, சீப்பு வெச்சு இழுத்த மாதிரி. வால் பக்கம் பூரா இதுதான்."

பிறகு ஒரு சின்ன உளியை வைத்துத் தள்ளினார்.

"இது நேர்மாறு. மயிரிழையா ஆரம்பிச்சு, ஆழத்துல போய் நிக்குது. நின்ன இடத்துல ஒரு படி. தலைப் பக்கம் பூரா இது."

"கை வலிச்சிருக்கும், மாத்திக்கிட்டிருப்பான்."

"ஆறு வயசுலேர்ந்து கதிர் அறுத்த கை இழுக்கத்தான் இழுக்கும். அதுக்குத் தள்ளத் தெரியாது. நீ வேணா இடது கையால சாப்பிட்டுப் பாரு, வாய் எங்க இருக்குன்னு தேடுவ."

"எனக்குச் சாப்பாட்டுல அந்தக் குழப்பம் வராதுண்ணே. ரெண்டு கைக்கும் வழி தெரியும்."

படிக்கட்டில் காலடி கேட்டது. அம்சவல்லி.

முப்பது வயதிருக்கும். பாபநாசத்துக்குக் கிழக்கே வடக்குத்தோப்பில் குடியிருந்த விவசாயக் கூலி. அவள் கணவன் முருகையன் காணாமல் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. சென்ற வருஷம் தை அறுவடையில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். தகராறு ஆனது. கதிரைக் கொள்ளையடித்ததாகப் பதினோரு பேர்மேல் வழக்கு. பத்துப் பேர் பிடிபட்டார்கள். பதினோராவது ஆள் முருகையன் ராத்திரியோடு ராத்திரியாகப் போனவன்தான்.

போன வியாழக்கிழமை அவள் நாகூருக்குப் போயிருந்தாள். சில்லடிக் கடற்கரையில் நேர்த்திக்கடன் தகடு விற்கும் ரசியா பேகத்தின் கடையில், ஒரு கல் மீனைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பங்குனியில் ஒரு நாள் காலையில் அலை தொடும் இடத்தில் கிடந்ததாம். மீனை அம்சவல்லி பார்க்கவில்லை. அதற்கடியில் மடித்து வைத்திருந்த சிவப்புத் துண்டைத்தான் பார்த்தாள். விவசாயச் சங்கத்துத் துண்டு, நிறம் போனது. அதன் ஓரத்தில் பச்சைத் துணியில் ஓர் ஒட்டு. அவளுடைய கிழிந்த சேலையில் அவளே வெட்டி, அவளே தைத்த ஒட்டு. ரசியா பேகத்திடம் கெஞ்சி, கல்லையும் துண்டையும் வாங்கிக்கொண்டாள்.

"நாளன்னிக்கு வியாழக்கிழமைங்க" என்றாள் அம்சவல்லி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "தாசில்தார் ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க."

அதுதான் அவளுக்கு இருந்த கெடு. குடியிருக்கும் மனையைக் கூலிக்காரர்களுக்கே பட்டா போடச் சொல்லிப் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அவள் குடிசை இருந்த மனைக்கு வீட்டுக்காரன் என்று எழுதியிருந்தது முருகையன் பெயர். மிராசுதாரின் காரியக்காரர் ஆட்சேபம் கொடுத்திருந்தார். முருகையன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறான், மனையைக் கைவிட்டுப் போனவனுக்குப் பட்டா கிடையாது என்று.

"இருக்காருன்னு சொன்னா, கூட்டிட்டு வான்னு சொல்வாங்க. வந்தா போலீஸ் புடிச்சிக்கும். வரலைன்னா காரியக்காரர் சொன்னது நெசமாயிடும். இல்லைன்னு சொன்னா வீடு எனக்கும் எம்மக நீலாம்பாளுக்கும் வந்துடுமாம். கிளார்க்கு நல்லவரு, அப்படியே சொல்லிடும்மாங்கறாரு." கல்லை ஒரு முறை பார்த்தாள். "இருக்கற மனுசனை எப்படிங்க என் வாயால இல்லைன்னு சொல்றது?"

இந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்ததே வைரக்கண்ணுதான். சனிக்கிழமை அவள் கல்லோடு வந்தபோது, தலைப் பக்கத்துச் செதுக்கலில் இன்னும் வெள்ளைத்தூள் ஒட்டியிருப்பதைக் காட்டி, இந்த வேலை ரெண்டு மாசத்துக்குள் நடந்தது என்று சொல்லியிருந்தார். வலது கையில் அடிபட்டதால் உங்கள் வீட்டுக்காரர் வேறு மாதிரி உளி பிடிக்கப் பழகியிருக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அவள் அன்று முதல்முறையாகச் சாப்பிட்டதாக ஹபீப் சொன்னான்.

"கை எப்படி இருக்குன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். போறப்ப என்ன எடுத்துக்கிட்டுப் போனாரு?"

"கட்டின வேட்டி, அந்தத் துண்டு, கருக்கருவா. அவ்வளவுதான்."

"உங்க வீட்ல பித்தளை, வெங்கலச் சாமான் இருந்துதா?"

"ஒரே ஒரு சொம்புங்க. அவரு வெளக்கினாத்தான் பளபளன்னு இருக்கும். புளி போட்டு ஊறவெச்சு, பொறுமையா வெளக்குவாரு."

வைரக்கண்ணு ஹபீபைப் பார்த்தார்.

அவள் போன பிறகு ஹபீப் கேட்டான். "புளி எங்கேர்ந்துண்ணே வந்துது?"

"வால் பக்கத்துலேர்ந்து."

முள்ளுக்கு முள் இடையில் மாவு பூசினதுபோல ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. வைரக்கண்ணு கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வினிகர்க் காடி விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. புளிப்பு பட்டால் நுரைப்பது சுண்ணாம்புக்கல். அதனால்தான் இப்படிப்பட்ட மீனைக் கல்லிலிருந்து வெளியே எடுக்கத் தெரிந்தவர்கள் காடியைத் தொட்டுத் தொட்டுத் தடவுகிறார்கள். கல் கரையும், முள் நிற்கும். காடியில் கரைந்த சுண்ணாம்பு தண்ணீரோடு போய்விடும். புளியில் அப்படிப் போகாது. புளியும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளை உப்பு உண்டாகி, அங்கேயே படிந்துகொள்ளும்.

"கல்லை யாராவது புளி போட்டு வெளக்குவாங்களா? மாட்டாங்க. உலோகத்தைத்தான் வெளக்குவாங்க" என்றார். "இந்தச் செதில் மின்னுறதைப் பாரு. நம்ம ஊரு ஆளு மண்ணுலேர்ந்து இப்படி மின்னுற ஒண்ணை எடுத்தா என்ன நினைப்பான்? வயல்ல ஏர் ஓட்டும்போது எத்தனை இடத்துல வெங்கலச் சாமி கெடைச்சிருக்கு. முருகையன் இதை வெங்கல மீன்னு நினைச்சிட்டாரு."

"சரி. தலைப் பக்கம் மட்டும் ஏன் புளி இல்ல?"

"அதான் தெரியலையே."

மேஜைமேல் ஒரு கடிதமும் இருந்தது. கும்பகோணத்தில் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் மங்களாம்பிகைக்கு ஹபீப் நேற்று மீனைக் கொண்டுபோய்க் காட்டி, வாங்கி வந்தது. ஆறே வரி. 'இது கடல் மீன். முன்வாயில் நீண்ட கோரைப்பல் உள்ள இந்த வகை இன்று எந்தக் கடலிலும் இல்லை. கல்லில் ஒட்டியுள்ள சிப்பித் துணுக்குகளைப் பார்த்தால், கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் கிடைத்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் கடல் அதுவரை இருந்தது. நாகூரில் இது தானாக ஒதுங்க வழியில்லை. யாரோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.'

அதில் வைரக்கண்ணுவுக்குச் சந்தேகம் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவின் ஆற்றுப் பாசனம் முழுக்கச் சங்கிலி பிடித்து நடந்தவர். காவிரி கொண்டுவந்த வண்டல் அது. வெட்ட வெட்ட மண்தான். வீட்டுக்கு அம்மிக்கல் வேண்டுமென்றாலும் வெளியிலிருந்து வண்டியில் வர வேண்டும். கல் என்று ஒன்று இங்கே இருந்தால், அதைச் சுமந்து வந்த ஆள் ஒருவன் இருப்பான்.

முருகையன் அரியலூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போயிருக்கிறான். அதுவரை சரி. அதற்குப் பிறகு?

"தலைப் பக்கத்து முள்ளு மட்டும் ஏண்ணே இப்படி வழவழன்னு இருக்கு?" ஹபீப் விரலால் தடவினான். "ஏதோ பூசியிருக்காங்க."

வைரக்கண்ணு ஓர் ஊசியை விளக்கில் காட்டிச் சூடாக்கி, மீனின் தாடையில் லேசாக வைத்தார். இழை போலப் புகை எழுந்தது. ஹபீபின் அத்தா நாகூர் தர்கா வாசலில் நாற்பது வருஷம் அத்தர் விற்றவர். மகனுக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்த மூக்கு ஒன்றுதான்.

ஹபீப் கண்ணை மூடினான்.

"தேன்மெழுகு. குங்கிலியம். கொஞ்சம் கடலை எண்ணெய்."

"நிச்சயமா?"

"என் நிக்காஹ்ல கூட இவ்வளவு நிச்சயமா தலையாட்டலண்ணே."

முள் உதிராமல் இருக்க மேலே ஏதாவது பூசுவது இந்த வேலையில் வழக்கம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசுவார்கள். ஆனால் மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயோடு காய்ச்சி, எப்போதும் கையருகே வைத்திருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஒரே ஊரில்தான் இருந்தார்கள்.

"காலையில முதல் பஸ்" என்றார் வைரக்கண்ணு. "சுவாமிமலை."

---

சுவாமிமலையில் விக்கிரகம் செய்யும் பட்டறைகளில் அந்த மெழுகில்தான் முதலில் சாமியைச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே சாமியின் வடிவத்தில் வெற்றிடம் இருக்கும். அதில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் கரடுமுரடாக ஓர் உருவம் வரும். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. உளியை வைத்துத் தள்ளித் தள்ளி, மண்ணுக்குள் இருந்ததை மனிதர் பார்க்கும்படி வெளியே கொண்டுவர வேண்டும்.

"நம்ம மீனுக்குச் செஞ்சதும் இதே வேலைதானேண்ணே" என்றான் ஹபீப்.

மூன்றாவது பட்டறையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து அம்மன் விக்கிரகம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கால் கொலுசு, இடுப்பு மடிப்பு, விரல் நகம் வரை முடிந்திருந்தது. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

"அம்மன் தூங்குறாங்களா?" என்று கேட்டான் ஹபீப்.

"கண்ணு கடைசியிலதான் பாய் திறக்கணும்" என்றார் அவர், தலை நிமிராமல். "நாள் பாத்து, வாங்குறவங்க வந்து நின்ன பெறகு. அதுவரைக்கும் யாரும் அந்த இடத்துல உளி வெக்க மாட்டோம். பாத்தியதை இல்லாதவன் கண்ணைத் தொறந்தா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க."

வைரக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார்.

"ஹபீப். நம்ம மீன்ல சீப்புக் கோடு எங்க நிக்குது?"

"செவுள்ல."

"செவுளைத் தாண்டினா?"

ஹபீப் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தான்.

"கண்ணுண்ணே."

கை வலிக்கவில்லை. கையில் அடியும் படவில்லை. வெங்கலச் சாமி என்று நினைத்தவன், அதன் கண்ணைத் திறக்கத் தனக்குப் பாத்தியதை இல்லை என்று செவுளோடு நிறுத்தியிருக்கிறான். திறக்கத் தெரிந்தவரைத் தேடி வந்திருக்கிறான்.

ஹபீப் மூட்டையைப் பிரித்தான். விக்கிரகத்துக்காரர் இப்போது நிமிர்ந்தார். உளியைக் கீழே வைத்தார்.

"இதை ஏங்க திரும்ப எடுத்தாந்தீங்க?" என்றார். "கடல்ல சேத்தாச்சே."

அவர் பெயர் கோவிந்தராசு. இருவருக்கும் பலகை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"தை மாசம் முடியறதுக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை. ஒருத்தரு இதைத் துண்டுல சுத்தி எடுத்தாந்தாரு. பேரு காத்தான்னாரு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில வேலையாம். வெங்கல மீனு கெடைச்சிருக்கு, கண்ணை மட்டும் நீங்க தொறந்து குடுங்கன்னாரு." கோவிந்தராசு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் சிரிச்சிட்டேங்க. யோவ், இது வெங்கலம் இல்ல, வெறும் முள்ளு, கல்லாப் போன முள்ளுன்னேன். அந்த மனுசன் ஒரு மணி நேரம் அந்தா அந்தத் தூண்கிட்ட உக்காந்திருந்தாரு."

"பெறகு?"

"பெறகு எந்திரிச்சு வந்தாரு. வெங்கலமா இல்லாட்டி போவுதுங்க, மீனு மீனுதானேன்னாரு. மகளுக்குச் சின்ன வயசுல தொண்டையில மீன் முள்ளு மாட்டி, உயிரு போற மாதிரி ஆயிடுச்சாம். நாகூர் ஆண்டவருக்கு வெள்ளியில மீனு வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டாராம். முள்ளு வெளிய வந்துடுச்சு. வெள்ளி மட்டும் வரவே இல்லன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

"யார் பேருக்கு வேண்டுதல்னு கேட்டீங்களா?" வைரக்கண்ணுவின் குரல் தாழ்ந்திருந்தது.

"கேக்காம கண்ணைத் தொறக்க முடியுமா? நீலாம்பாள்னாரு."

ஹபீப் எழுந்து பட்டறை வாசலில் போய் நின்றுகொண்டான்.

தலைமறைவாக இருந்தவன் தன் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தான். மகள் பெயரை மாற்றவில்லை. போலீசுக்குப் பொய்ப்பெயர் சொல்லலாம், குழிக் கங்காணிக்குச் சொல்லலாம். வேண்டுதலில் சொன்னால் அதன் பலன் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னாரு" என்றார் கோவிந்தராசு. "நானும் வரட்டும்னு தொடாம வெச்சிருந்தேன். கண்ணு தொறக்கறப்ப அவரு நிக்கணும்ல. வரல. மாசிக் கடைசியில அதே குழியிலேர்ந்து வேற ஒரு ஆளு வந்தான். குழி விளிம்பு சரிஞ்சு காத்தான் மேல விழுந்திடுச்சு, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்து செத்துட்டாருன்னான். சுவாமிமலையில மீனு இருக்கு, நாகூர்ல சேத்துடச் சொல்லுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். பொண்டாட்டி புள்ளை எந்த ஊருன்னு அவனுக்கும் தெரியல. எனக்கும் தெரியல. தெரிஞ்சா போயிருக்க மாட்டேனா?"

"அப்ப இந்தத் தலைப் பக்கம்?"

"அவன் வந்துட்டுப் போன மறுநாள் செஞ்சேன். புளியெல்லாம் போடல, அவரு போட்டதே கெட்டியா ஒட்டிக்கிச்சு. சின்ன உளியாலயே எடுத்தேன். முள்ளு உதிரக் கூடாதுன்னு மெழுகு பூசினேன். பங்குனி பொறந்து முதல் வியாழக்கிழமை, அவரு துண்டுலயே சுத்தி எடுத்துட்டுப் போயி, சில்லடியில அலை வர்ற எடத்துல வெச்சேன். தண்ணி எடுத்துக்கும்னு நினைச்சேன்."

தண்ணீர் எடுத்துக்கொள்ளவில்லை. ரசியா பேகம் எடுத்துக்கொண்டாள்.

பஸ் பாபநாசத்தை நெருங்கியது. வடக்குத்தோப்புக்குப் போகும் பாதை பிரியும் இடத்தில் ஹபீப் வெளியே பார்த்தான். கோடையில் பிளந்து கிடந்த வயலில் மாடுகள் நின்றன.

"ரெண்டு மாசத்துக்குள்ள செஞ்ச வேலைன்னு நீங்க சொன்னது சரிதானேண்ணே."

"சொன்னது சரி" என்றார் வைரக்கண்ணு. "அந்த வேலை நடந்தப்ப முருகையன் உயிரோட இல்ல. நான் அதை வெச்சு உயிரோட இருக்கார்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்."

"வேணும்னு செய்யலையே."

"சனிக்கிழமை சாப்பிட்டாங்கன்னு சொன்னியே."



அன்று பிற்பகல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது இருந்தது. காத்தான், வயது முப்பத்தைந்து, சுண்ணாம்புக்கல் குழி இடிபாடு. சேர்த்தது பிப்ரவரி பதினாறு. இறந்தது பதினெட்டு. உறவினர் யாரும் வரவில்லை. அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்கையில் பழைய தீத்தழும்பு என்று எழுதியிருந்தது. அம்சவல்லி முதல் நாள் சொன்ன அடையாளங்களை ஹபீப் தன் குறிப்பு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அதை எடுத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதே தழும்பு அதிலும் இருந்தது. வைரக்கண்ணு குனிந்து பார்த்துவிட்டு, நகல் எழுதித் தரும்படி கேட்டார்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. மீனை வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று அவன் சொன்ன நாள்.

---

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முன்பே பாபநாசம் தாலுகா ஆபீஸ் வராந்தா நிறைந்திருந்தது. அம்சவல்லி சுவரோரம் குந்தியிருந்தாள். மறுகோடியில் பெஞ்சில் காரியக்காரர், மடியில் காகிதக் கட்டு.

வைரக்கண்ணு அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். ஹபீப் நின்றான்.

"கையில ஒண்ணும் அடி படலைங்கம்மா" என்றார்.

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்படிச் சொல்லித் தொடங்கியிருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இனி நிறுத்தவும் முடியாது. குழி, கோவிந்தராசு, வேண்டுதல், குழியின் விளிம்பு, ஆஸ்பத்திரி என்று நடந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மெழுகவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கையை நீட்டினாள். ஹபீப் கல்லை அவள் மடியில் வைத்தான்.

"தலைப் பக்கம் அவரு கை இல்லீங்களா?"

"இல்லம்மா. அது வேற கை."

அவள் விரல் தலையிலிருந்து நகர்ந்து செவுளைத் தாண்டி வந்தது. சீப்புக் கோடுகள் தொடங்கும் இடத்தில் நின்றது. அந்தக் கோடுகளின் போக்கிலேயே, அவன் இழுத்த பக்கமாக, மெதுவாக ஒரு முறை தடவினாள்.

"புளி சரியா கழுவல" என்றாள். "எப்பவும் அவரு கழுவ மாட்டாரு. நான்தான் கழுவுவேன்."

"அத்தாட்சி எழுதி வாங்கியாச்சுக்கா" என்றான் ஹபீப். "கோவிந்தராசும் வெளிய நிக்கிறாரு. கேட்டா வந்து சொல்றேன்னாரு."

உள்ளே இருந்து டவாலிச் சேவகன் கூப்பிட்டான். "வடக்குத்தோப்பு முருகையன். முருகையன் இருக்கானா?"

காரியக்காரர் முதலில் எழுந்தார். "எங்கேர்ந்து வருவான்? அவன்தான் ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. குடும்பம் நடத்திக்கிட்டிருக்கானாம், இவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அம்சவல்லி கல்லை ஹபீபிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வைரக்கண்ணு பின்னால் போனார். தாசில்தார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உன் புருஷன் எங்கம்மா? இருக்கானா, இல்லையா?"

வைரக்கண்ணு ஆஸ்பத்திரி நகலை நீட்டப் போனார். அவள் கையை அசைத்து அவரை நிறுத்தினாள்.

"இல்லீங்க" என்றாள். "அவரு யாரோடயும் ஓடிப்போகல. வழக்குக்குப் பயந்து காத்தான்னு பேரை மாத்திக்கிட்டு, அரியலூர்ப் பக்கம் குழியில கல்லுடைச்சாரு. குழி சரிஞ்சு, போன மாசி மாசம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. நானும் எம்மக நீலாம்பாளும் அந்த மனையிலதான் இருக்கோம், ஒரு நாளும் விட்டுட்டுப் போகல. இனிமே எம் பேருல எழுதுங்க."